கன்னத்தில் ஒதுக்கிய பாதாம்

டிசம்பர் 19, செவ்வாய்

மழை. பனி விழும் என்று வானொலியில் சொன்னார்கள், விழுந்தது மழைதான். இன்று ஒன்பது வீடுகள். ஒன்பதிலும் எனக்கு இஞ்சி பிஸ்கட் கொடுத்தார்கள், சர்க்கரை நோய்க்கு ஊசி போடப் போன வீட்டிலும். அந்தக் கிழவரைத் திட்டிவிட்டு இரண்டு தின்றேன்.

அஸ்கர் உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிவருகிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தில் இரண்டு ஆராதனை. இரண்டிலும் அவன்தான் முன்னின்று பாட வேண்டும். மற்ற மாதமெல்லாம் பஸ் ஓட்டும்போது ஜன்னலைத் திறந்துபோட்டுக் கத்துகிறவன், டிசம்பர் வந்தால் தொண்டையைக் கைக்குழந்தைபோலப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறான். எனக்குச் சுருதியும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்துக்கு ஐந்து பேர். நாங்கள் இருவர், மகள் ரிக்கெ, அவள் கட்டிக்கொள்ளப் போகிற மால்தெ, பன்றிப் பண்ணை வைத்திருக்கிற அஸ்கரின் அண்ணன் ப்ரெபன். பாதாம் வாங்கிவிட்டேன். பால்சோற்றில் எல்லாப் பாதாமையும் நறுக்கிப் போட்டு ஒன்றை மட்டும் முழுசாகப் போடுவேன். அது யார் வாயில் அகப்படுகிறதோ அவர் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் வயிறு வெடிக்கத் தின்பார்கள். பாத்திரம் காலியாகும்வரை காட்டிக்கொடுக்காமல் இருந்துவிட்டால் பரிசு, பாதாம் மாவில் செய்த மார்சிபான் பன்றி மிட்டாய்.

முப்பத்தோரு வருடத்தில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இரண்டு தடவை எனக்குக் கிடைத்தது. இரண்டு தடவையும் அஸ்கர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, சிரிக்கவைத்து, வெளியே வரவழைத்துவிட்டான். அவனுக்குக் கிடைக்காத வருடங்களிலும் கன்னத்தை உப்பிக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு ஊரை ஏமாற்றுவான். ப்ரெபன் ஒவ்வொரு வருடமும் நம்புவான்.

இன்று காலையில்கூட அஸ்கர் சொன்னான்: "உன் முகத்துல எதுவுமே நிக்காது விபெக்கெ. நர்ஸுக்குப் படிச்ச நேரத்துல கொஞ்சம் நடிக்கவும் படிச்சிருக்கலாம்."

பார்க்கலாம்.

டிசம்பர் 23, சனி

பால்சோறு அடிப்பிடித்துவிட்டது. மேலாகச் சுரண்டி எடுத்து வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு, காலை

வாத்து அடுப்பில். அஸ்கர் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்று "குரல் இன்னிக்கு நல்லா இருக்கு" என்றான். கேட்பாரில்லாமல் மூன்று தடவை சொன்னான்.

டிசம்பர் 25, திங்கள். மருத்துவமனை

தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அஸ்கருக்குப் பக்கவாதம். நேற்றுச் சாயங்காலம், சாப்பாட்டு மேசையில், எங்கள் கண் முன்னால். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆம், சிரித்துக்கொண்டிருந்தோம். வரிசையாக எழுதுகிறேன். ஏழேகால் மணிக்குப் பால்சோறு கொண்டுவந்தேன். சூடான செர்ரிச் சாறு. எல்லோரும் எல்லோர் கன்னத்தையும் பார்க்க ஆரம்பித்தோம். அஸ்கர் கன்னத்தை உப்பினான், கண்ணை உருட்டினான், எப்போதும்போல. கொஞ்ச நேரத்தில் வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. ப்ரெபன் மேசையைத் தட்டிச் சிரித்தான். "இந்த வருஷம் ரொம்பத்தான் நடிக்கிறான்டா இவன். வாயி காதுக்குப் போயிரும் போல." மால்தெ போனில் வீடியோ எடுத்தான். உதட்டோரம் செர்ரிச் சாறு வழிந்தது. "அப்பா, போதும்பா, ஜொள்ளு வேறயா" என்று ரிக்கெ துடைத்துவிட்டாள். ஸ்பூன் கீழே விழுந்தது. அதற்கும் சிரித்தோம். என்ன கேட்டாலும் பதில் இல்லை. வாயைத் திறந்தால் பாதாம் தெரிந்துவிடும் என்று திறக்காமல் இருக்கிறான் என்றே நினைத்தார்கள்.

பாத்திரம் காலியாயிற்று. யாரும் பாதாமைக் காட்டவில்லை. சரி, முதலில் பாட்டு என்று எழுந்தோம். கிறிஸ்துமஸ் மரத்தில் மெழுகுவத்திகளை ஏற்றினோம். ப்ரெபன் அஸ்கரைத் தோளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். அஸ்கர் வலது காலை இழுத்தான். மரத்தைச் சுற்றிக் கை கோத்துக்கொண்டு நின்றோம். பாட்டை எடுத்துக்கொடுப்பது எப்போதும் அவன். எல்லோரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். வாயைத் திறந்தான். உள்ளே ஒன்றும் இல்லை. பாட்டும் வரவில்லை. தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. மாடு ஈனும்போது அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்கிறேன், மனுஷனிடம் கேட்டதில்லை.

என் பக்கம் சாய்ந்தான். மெழுகுவத்தி எரிகிற மரத்தின் பக்கம் சாயாமல் போனது தெய்வச்செயல்.

மணி எட்டு அடித்து மூன்று நிமிடம். ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தேன். "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்று அங்கே ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வியை வீடு வீடாகப் போகும் பராமரிப்புப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். முகம், கை, பேச்சு, நேரம் என்று நான் எழுதிய பக்கவாத எச்சரிக்கைத் தாள் இந்தத் தீவில் பாதி வீடுகளில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. "தெரியல" என்றேன். இருபத்தாறு வருட நர்ஸ், தெரியல என்றேன்.

டிசம்பர் 26, செவ்வாய்

மூளையின் இடது பக்கம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். கை கொஞ்சம் தேறும் என்றாள் டாக்டர். சின்னப் பெண், தலைமுடியில் சிவப்பு ரிப்பன். பேச்சு? "பொறுத்துத்தான் பாக்கணும்" என்றாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானே நூறு குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்று கண் விழித்துப் பேசினான். என் உயிர் திரும்பி வந்தது, அரை நிமிடத்துக்கு.

"தண்ணி வேணுமா?"

"வியாழக்கிழமை."

"வலிக்குதா?"

"வியாழக்கிழமை."

எதைக் கேட்டாலும் அதுதான். தப்பு என்று அவனுக்கே தெரிகிறது. சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறான். திரும்ப முயல்கிறான். திரும்ப அதே வியாழக்கிழமை. அப்புறம் அழுதான். முப்பத்தோரு வருடத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை, அவன் அம்மா செத்தபோதுகூட. நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

நேற்று ஒன்றை எழுதவில்லை. என் சொந்த நோட்டில்கூட எழுதவில்லை.

பாதாம் என் வாயில் இருந்தது.

இரண்டாவது ஸ்பூனிலேயே கிடைத்தது. இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். அஸ்கரிடம் பாதாம் இல்லை என்று அந்த மேசையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் அவன் கன்னத்தில் பாதாம் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு? வாய் கோணிய இடத்தில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். வழக்கமான ஏமாற்று வேலை, என்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறான், இந்தத் தடவை விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாத்திரம் காலியானபின்னும், முதலில் அவன் தோற்றதை ஒப்புக்கொள்ளட்டும் என்று காட்டாமல் இருந்தேன். நான் வாயைத் திறந்து காட்டியிருந்தால் விளையாட்டு அங்கேயே முடிந்திருக்கும். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

ஆம்புலன்ஸில்தான் அது இன்னும் வாயில் இருப்பது தெரிந்தது. விழுங்கிவிட்டேன்.

டிசம்பர் 28, வியாழன்

இன்று உண்மையாகவே வியாழக்கிழமை. அவன் அதைச் சொன்னபோது நர்ஸ் பெண் "சரியா சொன்னீங்க" என்று கை தட்டினாள். அவளை அறையலாம் போல இருந்தது.

பக்கவாதம் தொடங்கிய நேரம் தெரிந்தால் நல்லது என்று டாக்டர் மறுபடி கேட்டாளாம். மால்தெயின் போனில் இருக்கிற படத்தை ரிக்கெ காட்டினாள். தாழ்வாரத்தில் நின்று நானும் பார்த்தேன். ஏழு இருபத்தொன்றுக்கு அஸ்கர் நன்றாகப் பேசுகிறான். "அடிப்பிடிச்ச வாசனை வருது, சமையல்காரியம்மா ஒண்ணும் சொல்லலயே" என்கிறான். ஏழு இருபத்துநாலுக்கு வாய் கோணுகிறது. மால்தெயின் குரல்: "மாமா, இங்க கேமராவைப் பாருங்க." அப்புறம் படம் என் பக்கம் திரும்புகிறது.

நான் அஸ்கரைப் பார்க்கிறேன். வெகுநேரம் பார்க்கிறேன். சிரிப்பு நின்றுபோய், ஊசி போடுமுன் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறேன். அப்புறம் என் நாக்கு கன்னத்துக்குள் புரண்டு எதையோ ஓரமாகத் தள்ளுகிறது. மறுபடி சிரிக்கிறேன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அப்படிப் பார்த்தது எனக்கு நினைவே இல்லை. அப்போது என்ன நினைத்தேன்? தெரிந்ததா? தெரிந்தும் ஒரு மார்சிபான் பன்றிக்காகவா?

"அம்மா, உனக்கு அப்பவே ஏதாவது தோணிச்சா?" என்று ரிக்கெ கேட்டாள்.

"இல்ல."

மால்தெ சுவரோரமாக உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான். "நான்தான் கேமராவைப் பாருங்கன்னேன். நான் படம் எடுத்துட்டு இருந்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். நான், அவனுக்கு, ஆறுதல்.

ஜனவரி 1

வருடம் மாறியது. என்ன மாறியது?

ஜனவரி 2, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். பெயர் இர்ஸா. பெரிய உருவம், கம்பளிக் காலுறை, செருப்பில்லாமல் நடக்கிறாள். அஸ்கரிடம் எதுவும் கேட்கவில்லை. படுக்கையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் இடது கையைப் பிடித்து மெத்தைமேல் தாளம் தட்டினாள். மரத்தைச் சுற்றும்போது பாடுகிற பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். வார்த்தை இல்லாமல், ராகம் மட்டும்.

அஸ்கர் பாடினான்.

வார்த்தையோடு பாடினான். ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை. மூன்று சரணம், முழுசாக. குரல் கரகரத்தது, வாய் இன்னும் கோணல்தான், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஓடிப்போய் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "என் பேர் சொல்லு, என் பேரைச் சொல்லு அஸ்கர்" என்றேன்.

"வியாழக்கிழமை" என்றான்.

இர்ஸா என்னை வெளியே கூட்டிப்போனாள். பாட்டு மூளையில் வேறு இடத்தில் இருக்கிறதாம். "அந்தப் பக்கத்துக் கதவு திறந்திருக்கு. அது வழியா ஒவ்வொண்ணா வெளிய எடுக்கப் பாக்கலாம். வீட்டுலயும் நீங்க அவர்கூடப் பாடணும்."

"எனக்குப் பாட வராது."

"அவருக்குப் பேச வராது" என்றாள்.

ஜனவரி 9, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டான். ப்ரெபன் மரத்தை எடுத்து எறிந்து, கொட்டிய ஊசி இலையையெல்லாம் கூட்டி வைத்திருந்தான். பன்றிகளைத் தவிர வேறு யாருக்கும் கூட்டாதவன். அஸ்கரைப் பார்த்ததும் பேச்சு வராமல் "பஸ் எப்படிடா இருக்கு" என்று கேட்டுவிட்டு, தானே வெட்கப்பட்டுப் போய்விட்டான்.

பயிற்சி. இடது கையால் மேசையைத் தட்டி, பாட்டின் முதல் வரி ராகத்தில் "எனக்குக் காபி வேணும்." நான் பாட வேண்டும், அவன் கூடச் சேர வேண்டும். நான் பாடியதும் அவன் முகம் சுளித்தான். சுருதி போயிற்றாம். மூளையில் பாதி போயும் அது மட்டும் போகவில்லை. பன்னிரண்டாவது தடவை "காபி" வந்தது.

ஜனவரி 13, சனி

ரிக்கெ போன் செய்தாள். மால்தெ வரமாட்டானாம். சரியாகத் தூங்குவதில்லையாம், அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறானாம். "அவன்கிட்ட நீ பேசும்மா. நீ நர்ஸு, நீ சொன்னா கேப்பான்."

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். அஸ்கர் மேசையில் உட்கார்ந்து இடது கையால் ரொட்டியில் வெண்ணெய் தடவப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். பாதாம், என் கன்னம், நான் பார்த்த பார்வை, விழுங்கியது, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. "உன்கிட்ட இல்லன்னு எனக்குத் தெரியும் அஸ்கர். ஜெயிக்கணும்னு உக்காந்திருந்தேன்" என்றேன்.

அவன் கேட்டான். எல்லாம் புரிகிறது அவனுக்கு, பேசத்தான் வராது. கத்தியைக் கீழே வைத்தான். எழுந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜனவரி 14

ரிக்கெயிடமும் மால்தெயிடமும் போனில் சொன்னேன். ரிக்கெ ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அம்மா, மால்தெ மூணு வாரமா செத்துட்டு இருக்கான், நீ பாத்துட்டே இருந்தியா?" வைத்துவிட்டாள்.

ஜனவரி 18, வியாழன்

பயிற்சிக்கு உட்கார மாட்டேன் என்கிறான். ராகம் எடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். காபிகூடக் கேட்பதில்லை. நான் வைத்தால் குடிக்கிறான். ரிக்கெயிடமிருந்து போன் இல்லை.

இர்ஸா வந்தாள், அவளிடமும் பாடவில்லை. "ஏதாவது நடந்துச்சா?" என்றாள். நடந்தது என்றேன். "இந்த மாசங்கள்தான் முக்கியம். இப்ப விட்டா அப்புறம் கஷ்டம்" என்றாள்.

ஒரு தடவை வாயைத் திறக்காமல் அவன் பேச்சைக் கெடுத்தேன். இப்போது வாயைத் திறந்து கெடுத்துவிட்டேனா? பயமாக இருக்கிறது.

ஜனவரி 20, சனி

காலை பத்து மணி. நான் உருளைக்கிழங்கைச் சீவிச் சீவி அடுப்பிலிருந்த வாணலியில் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் மேசை தட்டுகிற சத்தம். திரும்பினேன். அஸ்கர் இடது கையால் தட்டிக்கொண்டிருந்தான். அந்த ராகத்தை எடுத்தான். தானாக. வார்த்தைகளைப் போட ஆரம்பித்தான், ஒவ்வொன்றாக, வியர்க்க வியர்க்க.

"உன்... கிட்ட... இருந்துச்சு."

"ஆமா. சொன்னேனே."

தலையை ஆட்டினான். அது இல்லை. மறுபடி தட்டினான். முதலிலிருந்து பாடினான்.

"எனக்கு... தெரியும்... அப்பவே... தெரியும்."

கத்தியைக் கீழே வைத்தேன். "எப்ப? மேசையிலயா? நான் எடுத்துக்கிட்டப்பவா?"

ஆம் என்று தலையாட்டினான். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். உப்பினான். வலது பக்கம் காற்று நிற்கவில்லை, புஸ்ஸென்று போயிற்று. திரும்ப உப்பினான். அப்புறம் ராகம். இரண்டு வார்த்தைக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. நான் எடுத்துக்கொடுக்கப் போனால் என் கையைத் தட்டிவிட்டான்.

"நீ... ஜெயிக்க."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது ஸ்பூனிலேயே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாகக் காட்டிக்கொடுக்காமல், தன்னிடம் இருப்பதுபோல எல்லோர் கண்ணையும் தன் பக்கம் இழுத்திருக்கிறான், நான் ஜெயிப்பதற்காக. அப்படி இழுத்த முகத்தின்மேல்தான் அது வந்து விழுந்திருக்கிறது. அதனால்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை, மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். உருளைக்கிழங்கு கருகி அவன்தான் அடுப்பை அணைத்தான்.

ஜனவரி 21

மன்னித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன். பத்து மணிநேரம்.

ஜனவரி 27, சனி

நாற்பது வாக்கியம் ஆகிவிட்டது. எல்லாம் பாட்டில்தான். "கதவைச் சாத்து" என்பதைக்கூடக் கிறிஸ்துமஸ் ராகத்தில் பாடுகிறான். தபால்காரன் திகைத்துப்போனான். பேச்சாக ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமை மட்டும் இருக்கிறது. ரிக்கெக்குச் செய்தி அனுப்பினேன். படித்திருக்கிறாள், பதில் இல்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

குளிர்காலத்தின் நடு நாள். தேவாலயத்தில் மெழுகுவத்தி ஆராதனை. அஸ்கர் காலையிலிருந்து கறுப்புக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். போய்ப் பாட வேண்டுமாம். வெளியே கண்ணாடிபோல ஐஸ். காலை இழுத்து நடக்கிறவன். விழுந்தால் இடுப்பு போய்விடும், நான் தினமும் பார்க்கிறவள். கூடாது என்றேன். கோட்டை மாட்டினான். நான் பிடுங்கிக் கொக்கியில் மாட்டினேன். அவன் எடுத்தான். நான் பிடுங்கினேன்.

"ஐஸ்னா என்ன, இடுப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியும் அஸ்கர். நான் சொன்னா கேளு. ஒரு நர்ஸு சொல்றேன்—"

"பேசாத நீ."

நான் பேசுவதை நிறுத்தவில்லை. அவன் சொன்னது காதில் விழவே இல்லை.

"பேசாத. நாப்பது... நாப்பது நிமிஷம். நர்ஸு. வாய மூடிட்டு... இருந்த நீ."

முகமெல்லாம் சிவந்திருந்தது. இடது கை தட்டவில்லை, கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. ராகம் இல்லை. எங்கேயும் ராகம் இல்லை. வெறும் கோபம், வெறும் பேச்சு.

அவனுக்கும் தெரிந்தது. இருவரும் கோட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றோம். எனக்கு நெஞ்சில் குத்தியது, நியாயமாகக் குத்தியது. அதே நேரம் இன்னொரு தடவை சொல்லு என்று கெஞ்ச வேண்டும்போலவும் இருந்தது. கேட்டேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

"நாப்பது நிமிஷம்" என்றான். அழுதான். "விபெக்கெ."

கோட்டை நானே போட்டுவிட்டேன். ப்ரெபன் காரில் வந்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூட்டிப்போனோம். அவன் பின் வரிசையில் உட்கார்ந்து பாடினான். புதிதாகப் பாட வந்த ஆளைப் பார்த்துக் கடைசிவரை முறைத்துக்கொண்டிருந்தான்.

வந்ததும் ரிக்கெயைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"அப்பா என்னைத் திட்டிட்டார்" என்றேன்.

"பாட்டாவா?"

"இல்ல. பேச்சா."

"என்ன சொன்னார்?"

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"சரியாத்தான் கேட்டிருக்கார்" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நாளைக்கு வர்றோம். மால்தெயும் வர்றான். நீ ஒண்ணும் சமைக்காத."